பாடகர் காத்திருக்கும் ஒன்பது செக்கன்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், தொடர்மாடி அறைக்குள்ளே ஒலிப்பதிவுக் கூடம் இருப்பது வெளியே தெரியாது. சுவரில் பஞ்சுத் தகடு, யன்னலுக்குத் தடித்த திரை, மேசையில் மடிக்கணினி, மூலையில் ஒரு மைக். கரையோரப் பாதையில் புகையிரதம் போனால் பதிவை நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் முச்சக்கர வண்டிச் சத்தமும், ஒரே நேரத்தில் ஒலிக்கும் கோயில் மணியும் தேவாலய மணியும். ஆடிவேல் விழாவுக்கான பக்திப் பாடல், தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போகும் மாணவர்களுக்கான பின்னணி இசை, தேவாலயக் கீதம், பைலா, ராப் என்று கொழும்புத் தமிழரின் பாட்டுகளில் ஒரு பெரும் பங்கு இப்படிப்பட்ட அறைகளில்தான் உருவாகிறது.

இந்த அறைகளில் இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர், கீபோர்ட் வாசிப்பவர், மிக்ஸ் செய்பவர் எல்லாரும் பெரும்பாலும் ஒரே ஆள். 1925 டிசம்பரில் கொழும்பில் வானொலி தொடங்கி, பின்னர் இலங்கை வானொலியின் கலையகங்களில் வளர்ந்த மரபு வேறு. அங்கே பாடுபவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஒலிக்குமிழ்களைக் கவனிக்கத் தனி ஆள், நேரத்தைப் பார்க்கத் தனி ஆள், பாட்டைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லத் தனி ஆள். ஒரு செவி கேட்பதை மட்டுமே வேலையாகக் கொண்டிருந்தது. இன்று அந்தச் செவிக்குரியவர்தான் சுட்டியையும் பிடித்துக்கொண்டு, எந்தப் பட்டியலில் எந்தக் கட்டளை இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தேடலைக் குறைக்கத்தான் நிரல்படுத்தக்கூடிய பொத்தான் பலகைகள் வந்திருக்கின்றன. ஒரு கையளவுப் பெட்டியில் ஆறு, பதினைந்து, முப்பத்திரண்டு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று நாமே சொல்லி வைக்கலாம். ஒருமுறை அழுத்தினால், நான்கைந்து கட்டளைகள் வரிசையாக ஓடும். விளம்பரங்கள் இதை நேரம் மிச்சப்படுத்தும் கருவி என்கின்றன. நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் என் பார்வையில் அது இரண்டாவது இலாபம். முதலாவது இலாபம் கேட்கும் செவிக்குக் கிடைப்பது.

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 1980இல் ஸ்டூவர்ட் கார்ட், தோமஸ் மோரான், அலன் நியூவெல் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், கணினியில் ஒரு வேலையைச் செய்ய ஒரு பழகிய மனிதருக்கு எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே கணிக்கும் முறையொன்றை வெளியிட்டார்கள். வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சராசரி நேரம் கொடுத்தார்கள். சுட்டியைத் திரையில் ஓரிடத்துக்குக் கொண்டுபோக 1.1 செக்கன். கிளிக் செய்ய 0.2. விசையொன்றைத் தட்ட ஏறத்தாழ 0.2. கையை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 0.4. அடுத்து என்ன செய்வது என்று மனம் ஒருமுறை தயாராக 1.35.

இதைக் கூடத்துக்குக் கொண்டுவருவோம். பாடகர் சரணத்தின் இரண்டாம் வரியில் பிசகிவிட்டார். பதிவை நிறுத்த வேண்டும். பிழையான துண்டை ஒலியடக்க வேண்டும். வரியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். புதிய அடுக்கொன்றைத் திறக்க வேண்டும். முன்தாளத்துடன் மீண்டும் பதிவைத் தொடங்க வேண்டும். சுட்டியால் செய்தால் ஐந்து நகர்வு, ஐந்து கிளிக்: 6.5 செக்கன். இடையில் இரண்டு தடவை யோசிக்க 2.7. கை மாற 0.4. மொத்தம் 9.6 செக்கன். இந்த ஐந்தையும் ஒரே பொத்தானில் கோத்து வைத்திருந்தால் ஒரு யோசனை, ஒரு கை மாற்றம், ஒரு தட்டல்: இரண்டு செக்கனுக்குச் சற்றுக் குறைவு. இருபத்துநான்கு வரியுள்ள பாட்டு, வரிக்கு ஐந்து தடவை பாடவைக்கிறோம் என்று வைத்தால், ஒரு பாட்டுக்கு ஏறக்குறையக் கால் மணி நேரம் மீதியாகிறது.

கால் மணி நேரம் பெரிதல்ல என்று சொல்லலாம். அந்தக் கால் மணி நேரம் எங்கே கிடந்தது என்பதுதான் முக்கியம். அது பாடகரின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே 120 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு துண்டிலும் அவர் ஹெட்போனில் ஒன்றும் கேட்காமல் நின்றார். பிழைவிட்ட வரி அவர் தொண்டையில் இன்னும் சூடாக இருக்கிறது. எங்கே சுருதி நழுவியது என்று அவருக்கே தெரியும். உடனே பாடவிட்டால் திருத்திவிடுவார். பத்துச் செக்கன் கழித்துப் பாடவிட்டால் பாவத்தைப் புதிதாகத் தேட வேண்டும். நல்ல ஒலிப்பதிவாளர்கள் எல்லாருக்கும் இது அனுபவத்தில் தெரியும்.

மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கும் இழப்பு உண்டு. அதை விளங்கிக்கொள்ள நினைவாற்றல் ஆய்வுகள் உதவுகின்றன. 1974இல் அலன் பெட்லி, கிரஹம் ஹிட்ச் என்ற பிரித்தானிய உளவியலாளர்கள் செயல்நினைவு பற்றிய ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். கேட்ட சொற்களைச் சில கணங்கள் வைத்திருக்க மூளையில் ஒரு சிறு சுழல் இருக்கிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு செக்கன் நேரப் பேச்சு. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மனத்துக்குள் மறுபடி மறுபடி சொல்லிப் புதுப்பிக்க வேண்டும். தொலைபேசி எண்ணை எழுதும்வரை உதட்டசைவில் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான். அந்த உட்குரலுக்கு வேறு சொல்வேலை கொடுத்தால் வைத்திருந்தது அழிந்துபோகும்.

கீழிறங்கும் பட்டியலைத் திறந்து கட்டளைப் பெயர்களை வாசிப்பது சொல்வேலைதான். இப்போதுதான் பாடிய வரியில் ழகரம் சரியாக விழுந்ததா, ஒற்று மிகுந்ததா என்று மனத்துக்குள் பிடித்துவைத்திருந்த ஒலியை, அந்த ஆங்கிலக் கட்டளைப் பெயர்கள் தள்ளிவிடுகின்றன. தமிழ்ப் பாட்டில் உச்சரிப்புப் பிழைகள் இறுதி மிக்ஸ்வரை தப்பிவந்துவிடுகின்றன என்று நாம் அடிக்கடி நொந்துகொள்கிறோம். பாடகரின் அக்கறையின்மை மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. கேட்க வேண்டியவரின் உட்குரல் அந்த நேரத்தில் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

சுருதியின் கதை கொஞ்சம் மாறுபட்டது, அதனாலேயே சுவையானது. 1970இல் டயானா டொயிட்ச் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு சுரத்தைக் கேட்கவைத்து, சில செக்கன் இடைவெளிவிட்டு, இன்னொரு சுரத்தைக் கேட்கவைத்து, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார். இடைவெளியில் எண்களைச் சொல்லிக் காட்டினால், அவற்றை நினைவில் வைத்திருக்கச் சொன்னால்கூட, சுரத்தின் நினைவு பெரிதாகக் குலையவில்லை. இடைவெளியில் வேறு சுரங்களை ஒலித்தால், அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தும், நினைவு குலைந்தது. ஆகவே, சுருதி சேர்ந்ததா என்று தீர்ப்பிட வேண்டிய நேரத்தில் பாட்டு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்க, நிறுத்தும் இடத்தைச் சுட்டியால் தேடுவது தவறான வேலை. உடனே மௌனமாக்கும் பொத்தான் ஒன்று, கண் பார்க்காமலே விரல் போகும் இடத்தில் இருக்க வேண்டும். பலகையில் எதற்கு முதலிடம் என்று என்னைக் கேட்டால் இதற்குத்தான்.

கண் பார்க்காமல் விரல் போவது எப்படி? மிருதங்கம் பழகும் பிள்ளை முதல் மாதங்களில் தா, தீ, தொம், நம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை யோசித்து வைக்கிறது. சில ஆண்டுகளில் யோசனை போய், சொல் நினைத்தவுடன் கை விழுகிறது. திறன் இப்படிப் படியும்போது மூளையின் அடிக்கருக்களும் சிறுமூளையும் அதன் பெரும்பங்கை ஏற்றுக்கொள்கின்றன. தெளிந்த கவனம் விடுதலையாகிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொத்தான் இடம் மாறக்கூடாது. திரையில் சாளரம் நகர்கிறது, பட்டியல் நீள்கிறது, மென்பொருளின் புதிய பதிப்பில் இடமே மாறிப்போகிறது. மேசையில் ஒட்டிவைத்த பலகை நகராது. பழைய கைத்தொலைபேசியின் தொடுதிரையைப் பலகையாக்கும் செயலிகள் மலிவானவைதான். ஆனால் கண்ணாடியில் விரலுக்கு விளிம்பு தெரியாது. ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டும். தொடக்கத்துக்கு அது போதும், தொடர்ந்த வேலைக்குப் போதாது.

ஒரு தொடுகையில் பல செயல்கள் என்ற எண்ணம் இசைக்குப் புதிதல்ல. 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்கு ஹென்றி வில்லிஸ் கட்டிய குழாய் ஓர்கனில், விரற்கட்டைகளுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தும் குமிழ்களை வைத்தார். ஓர்கன் வாசிப்பவர் கையை எடுத்துப் பக்கவாட்டிலுள்ள இழுப்புகளை ஒவ்வொன்றாக இழுக்காமல், ஒரு குமிழை அழுத்தி ஒலிநிறத்தையே மாற்ற முடிந்தது. இன்றைய பொத்தான் பலகைக்கு இதுதான் மூத்த முன்னோர். 1950களின் இறுதியிலிருந்து வானொலி நிலையங்களில் நாடாப் பெட்டிகள் பரவின. பொத்தானைத் தட்டினால் விளம்பர இசை உடனே பிறக்கும், முடிந்ததும் நாடா தானாகவே தொடக்கத்தில் வந்து நிற்கும். 1988இல் ரொஜர் லின் வடிவமைத்து அக்காய் நிறுவனம் வெளியிட்ட எம்பிசி60 நான்குக்கு நான்கு என்று பதினாறு ரப்பர்த் தட்டுகளைத் தந்தது. ஹிப்-ஹொப் இசையின் கைப்பழக்கத்தையே அது வடித்தது. கொழும்பிலிருந்து 2006இல் கிரிஷான் மகேசனின் ‘ஏசியன் அவனியூ’ தமிழ் ராப் தொகுப்பு வந்தபோது அந்தத் தட்டுகளின் தாள மொழி உலகப் பொதுமொழியாகியிருந்தது.

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச வழிசெய்தது மிடி. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் சிந்தசைசரும் ஜப்பானிய ரோலண்டின் சிந்தசைசரும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றது ஒலித்தது. மிடியை முன்னெடுத்த டேவ் ஸ்மித்தும் இக்குத்தாரோ ககேஹாஷியும் அதற்காக 2013இல் தொழில்நுட்பக் கிராமி விருது பெற்றார்கள். அந்தக் கம்பியில் ஒலி போவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பம் என்ற செய்தி மட்டுமே போகிறது. வேகம் செக்கனுக்கு 31,250 பிட். ஒரு பைட் போக 320 மைக்ரோசெக்கன். சுரமொன்றைத் தொடங்கும் செய்தி மூன்று பைட், அதாவது ஒரு மில்லிசெக்கனுக்குச் சற்றுக் குறைவு. நாற்பது ஆண்டு பழைய ஏற்பாடு இன்றும் போதுமானதாக இருப்பதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

இப்போது நம் இசைக்கு மிக வேண்டிய ஓரிடத்துக்கு வருகிறேன்: கமகம். மிடி கீபோர்டில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. வழமையாக அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம்தான் வளைக்கும். மேற்கத்தியப் பாட்டுக்கு அது போதும். தோடியில் காந்தாரத்தை ஆட்டவும், நாதஸ்வர ஒலியில் ஒரு நீண்ட ஜாருவை இழுக்கவும் இரண்டு அரைச்சுரம் போதாது. வளைவெல்லையை ஒரு முழு ஸ்தாயிக்கு, பன்னிரண்டு அரைச்சுரத்துக்கு, மாற்ற வேண்டும். மிடியில் அதற்கு வழியிருக்கிறது: 101ஆம் கட்டுப்பாட்டுக்கு 0, 100ஆம் கட்டுப்பாட்டுக்கு 0, 6ஆம் கட்டுப்பாட்டுக்கு 12, 38ஆம் கட்டுப்பாட்டுக்கு 0 என்று நான்கு செய்திகள். மொத்தம் பன்னிரண்டு பைட். பழைய கம்பியிலேயே நான்கு மில்லிசெக்கனுக்குள் போய்விடும். இவற்றை மெனுக்களில் தேடி ஒவ்வொரு ட்ராக்குக்கும் கையால் போட்டுக்கொண்டிருந்தால் அரை நிமிடம் போகும், அதனாலேயே பலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள். விளைவு, பக்திப் பாடலில் கேட்கும் அந்த விறைத்த கீபோர்ட் நாதஸ்வரம். ‘கமகம்’ என்று பெயரிட்ட ஒரு பொத்தான் இதைத் தீர்க்கும்.

எல்லை விரிந்தால் துல்லியம் குறையாதா என்று கேட்கலாம். சக்கரத்தின் செய்தி 14 பிட் அளவுடையது, அதாவது 16,384 படிகள். இரண்டு ஸ்தாயிப் பரப்பை அத்தனை படிகளாகப் பிரித்தால் ஒரு படி அரைச்சுரத்தின் அறுநூறில் ஒரு பங்குக்கும் சிறியது. எந்தப் பாடகரின் காதும் பிடிக்கக்கூடியதைவிட அது நுண்ணியது. மலிவான கீபோர்ட்களின் சக்கரங்கள் இத்தனை படிகளையும் அனுப்புவதில்லை என்பது வேறு விடயம். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வளைவு தரும் விரிவு 2018இல் மிடியில் சேர்ந்தது. அதற்கு முன்னரே, கட்டைகளுக்குப் பதில் ஒரே நீண்ட மென்பரப்புள்ள கொன்டினுவம் என்ற கருவியை ஏ.ஆர். ரஹ்மான் 2009இல் வந்த ‘தில்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா தூ’ பாடலில் வாசித்தார். அந்தக் கருவியின் விலை நம் அறைகளுக்கு எட்டாது. ஒரு பொத்தானும் ஒரு சக்கரமும் எட்டும்.

சுருதிக்கும் இதேபோல் செய்யலாம். பாடவந்தவர் “எனக்கு அஞ்சு கட்டை, அண்ணா” என்பார். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். பொத்தானுக்குக் கட்டைக் கணக்கில் பெயர் வைத்து, அழுத்தினால் தம்புராவின் ஆதாரச் சுருதியும் எல்லா மிடி ட்ராக்குகளும் சேர்ந்து நகரும்படி அமைக்கலாம். அதில் ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும்: மிருதங்கம், தவில் போன்ற மாதிரி ஒலிகளில் ஒவ்வொரு விரற்கட்டையும் ஒவ்வொரு சொல்லைக் குறிக்கும். அவற்றையும் நகர்த்தினால் தொப்பி அடிக்க வேண்டிய இடத்தில் வலந்தலை ஒலிக்கும். தாள ட்ராக்குகளை முதலிலேயே விலக்கிவைத்த பிறகே இந்தப் பொத்தானை எழுத வேண்டும். தாளத்துக்கும் பொத்தான் வைக்கலாம்: ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், மிஸ்ர சாபுவுக்கு ஏழு, கண்ட சாபுவுக்கு ஐந்து, பைலாவுக்கு ஆறுக்கு எட்டு. கோடுகள் தாளத்தோடு ஒத்துவந்தால் வெட்டி ஒட்டும் வேலை பாதியாகும்.

பொத்தானுக்குள் நடப்பது என்ன? பதினாறு பொத்தானுக்குப் பதினாறு கம்பி தேவையில்லை. நான்கு வரிசை, நான்கு நிரல் என்று எட்டுக் கம்பிகளால் ஒரு சல்லடை பின்னி, சந்திகளில் பொத்தான்களை வைக்கிறார்கள். உள்ளேயிருக்கும் சிறு சில்லு ஒவ்வொரு வரிசைக்கும் மாறி மாறி மின்சமிக்ஞை கொடுத்து, எந்த நிரலில் அது வெளியே வருகிறது என்று பார்க்கிறது. இதைச் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்கிறது. ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நான்காவதும் அழுத்தப்பட்டதுபோல் மின் சுற்றிவந்து ஏமாற்றும். அதைத் தடுக்க ஒவ்வொரு பொத்தானிலும் ஓர் இருவாயி வைப்பார்கள். கடையில் டயோட் என்று கேட்டால் தருவார்கள், விலை சில ரூபாதான். இன்னொரு தொல்லை அதிர்வு. உலோகத் தொடுகைகள் சேரும்போது சில மில்லிசெக்கன் துள்ளுகின்றன. ஓர் அழுத்தம் ஐந்தாறு அழுத்தமாகத் தெரியும். பதிவுப் பொத்தான் இரண்டு தடவை அழுத்தப்பட்டதாகக் கணினி எண்ணினால் பதிவு தொடங்கி உடனே நின்றுவிடும். எனவே முதல் தொடுகைக்குப் பின் ஐந்து மில்லிசெக்கன் அளவு காத்திருந்து, நிலைத்தபின்பே கணக்கிடும்படி நிரல் எழுதுகிறார்கள்.

அந்தத் தாமதம் கெடுதியா? ஐந்து மில்லிசெக்கனில் ஒலி காற்றில் 1.7 மீற்றர் போகும். கட்டளைப் பொத்தானுக்கு அது ஒன்றுமே இல்லை. விரலால் தாளம் தட்டும் ரப்பர்த் தட்டுக்கு மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே கணினியின் தாமதமும் சேரும்: 48,000 ஹேட்ஸில் 256 மாதிரிகளைத் தேக்கிவைத்தால் அதுவே 5.3 மில்லிசெக்கன்.

சில்லு பொத்தானைக் கண்டதும் கணினிக்கு ஒன்றில் மிடிச் செய்தி அனுப்பும், அல்லது தன்னை இன்னொரு விசைப்பலகை என்று அறிமுகப்படுத்தி விசையொன்றை அனுப்பும். இரண்டாவது வழியில் நமக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. பாட்டு வரிகளைப் பாமினியிலோ தமிழ்99இலோ தட்டிக்கொண்டிருந்துவிட்டு ஒலிப்பதிவு மென்பொருளுக்குத் திரும்பினால், எழுத்து விசைகளைத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இடைமறிக்கும். குறுக்குவழி வேலை செய்யாது. தப்பிக்க அருமையான வழி எஃப்13 முதல் எஃப்24 வரையான விசைகள். இன்றைய பெரும்பாலான விசைப்பலகைகளில் அவை இல்லை. பழைய ஐபிஎம் முனையங்களின் பலகைகளில் இருந்தன. ஆனால் யூஎஸ்பி நியமத்தில் அவற்றுக்கான குறியீடுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பொதுவாக எந்தத் தட்டச்சு முறையும் அவற்றைத் தொடுவதில்லை. பன்னிரண்டு வெற்று விசைகள் நமக்காகவே காத்திருக்கின்றன.

கடையில் வாங்கும் பலகைகளில் பெயர்போனது எல்கேட்டோவின் ஸ்ட்ரீம் டெக். 2017இல் பதினைந்து பொத்தானுடன், நேரலை ஒளிபரப்புவோருக்காக வந்தது. இசைக்காரர்கள் பின்னர் எடுத்துக்கொண்டார்கள். பதினைந்தும் தனித்தனித் திரைகள்போல் தெரியும். உண்மையில் கீழே ஒரே திரைதான். மேலே கண்ணாடிபோன்ற பொத்தான்கள். பொத்தானில் தெரிவது ஒரு படம் என்பதால் எந்த எழுத்தும் போடலாம். ‘மீண்டும் பாடு’, ‘சரணம்’, ‘5 கட்டை’, ‘சேமி’ என்று தமிழிலேயே எழுதிக்கொள்ள முடியும். ஆங்கிலக் கட்டளைகளுக்குப் பயந்து கணினிப்பக்கம் வராத மூத்த வாத்தியக்காரர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன்னே இப்படி ஒரு பலகையை வைத்துப் பாருங்கள்.

விலைதான் இடிக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்து, வெளிநாட்டுக் கருவிகள் சிறு கூடங்களின் கைக்கெட்டாமல் போயின. எனக்குச் சரியான வழியாகத் தெரிவது கையால் செய்வது. ராஸ்பெரி பை பிக்கோ என்ற சில்லுப் பலகை 2021 ஜனவரியில் நான்கு டொலர் விலையில் வந்தது. ஆர்டுயினோ வகையில் ப்ரோ மைக்ரோவும் இந்த வேலைக்கு ஏற்றது. இரண்டுமே தம்மை யூஎஸ்பி விசைப்பலகையாகவோ மிடிக் கருவியாகவோ காட்டிக்கொள்ளக்கூடியவை. பொத்தான், இருவாயி, கம்பி எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு இலத்திரனியல் கடைகளில் தேடக்கூடிய சாமான்கள். அதுவும் வேண்டாம் என்றால், மடிக்கணினியில் எண்விசைத் தொகுதி இல்லாதவர்கள் ஒரு யூஎஸ்பி எண்பலகை வாங்கி, அதன் பதினேழு விசைகளுக்கும் மென்பொருளில் வேலை கொடுக்கலாம். ஒலிப்பதிவு மென்பொருள்களான ரீப்பரிலும் கியூபேஸிலும் கட்டளைகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரு பெயரில் சேமிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

கோக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கட்டளைச் சங்கிலிக்குக் கண் இல்லை. ‘பதிவுக்கு ஆயத்தமாக்கு’ என்ற கட்டளை பல மென்பொருள்களில் நிலைமாற்றி: அணைந்திருந்தால் ஏற்றும், ஏற்றியிருந்தால் அணைக்கும். ட்ராக் ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தால் உங்கள் அருமையான பொத்தான் அதை அணைத்துவிட்டு வெறுமையைப் பதிவுசெய்யும். பாடகர் உயிரைக் கொடுத்துப் பாடிய ஒரு சரணம் போய்விடும். ஆகவே நிலைமாற்றிகளைத் தவிர்த்து, ‘ஏற்று’ என்றே சொல்லும், எத்தனை தடவை சொன்னாலும் ஒரே விளைவு தரும் கட்டளைகளைத் தேடிக் கோக்க வேண்டும். அப்படிக் கட்டளை இல்லாதவிடத்து, முதலில் எல்லா ட்ராக்கையும் அணைத்துவிட்டுப் பிறகு வேண்டியதை மட்டும் ஏற்றுவது பாதுகாப்பு.

பொத்தான்களின் இடமும் உயிர்நாடி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கியபின் வயிற்றால் சறுக்கிய விபத்துகள் திரும்பத் திரும்ப நடந்தன. விமானிகளின் கவனக்குறைவு என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் பார்த்தார்: இறக்கைமடல் நெம்பும் சக்கர நெம்பும் ஒரே வடிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சக்கர நெம்பின் நுனியில் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரமும், மடல் நெம்பில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தச் சொன்னார். விரல் தானாகவே வேறுபாட்டை உணர்ந்தது. நம் பலகையில் ‘மீண்டும் பாடு’வுக்குப் பக்கத்தில் ‘அழி’யை வைப்பது அதே பழைய தவறு. அழிக்கும் கட்டளையைப் பலகையில் வைக்காமல் விடுவதே மேல். முக்கியமான பொத்தானில் ஒரு துளி பசையை உலரவிட்டால் விரலுக்கு அடையாளம் கிடைக்கும்.

எத்தனை பொத்தான் வேண்டும்? 1952இல் வில்லியம் ஹிக் காட்டியபடி, தெரிவுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் மடக்கைக் கணக்கில் கூடுகிறது. ஆறு தெரிவுக்கு 2.8 அலகு என்றால் பதினைந்துக்கு 4, முப்பத்திரண்டுக்கு 5. கைப்பழக்கம் வந்தபின் இந்த ஏற்றம் குறையும். ஆனால் பழக்கம் வருவது அடிக்கடி தொடும் பொத்தானுக்குத்தான். மாதத்தில் ஒருமுறை தொடும் பொத்தான் இடத்தையும் கவனத்தையும் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். பத்துப் பன்னிரண்டு போதும் என்பது என் தீர்ப்பு. அவற்றில் ஒன்று கட்டாயம் ‘புதுப் பெயரில் சேமி’யாக இருக்கட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்த நகரம் இது.

பலகை வந்தால் பாட்டு நன்றாகிவிடுமா? இல்லை. ஆபத்துக்கூட ஒன்று உண்டு. தயார்நிலைத் தாளத் துண்டுகளைப் பொத்தானில் கட்டிவைத்தால், எல்லாப் பாட்டும் அதே தாளத்தில் தொடங்கும். சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’யும் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஒரு தலைமுறையைக் கட்டிப்போட்டதற்கு, வேறு எவரிடமும் கேட்டிராத ஒரு கலவை அவற்றில் இருந்ததும் காரணம். 2021இல் கொழும்பிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய ‘மெனிக்கே மகே ஹிதே’யின் பலம் யொஹானியின் குரலும் சமத் சங்கீத்தின் இசைக்கோப்பில் இருந்த எளிமையும். பொத்தானுக்குக் கொடுக்க வேண்டியவை எழுத்தர் வேலைகள்: நிறுத்துவது, பெயரிடுவது, சேமிப்பது, நகர்த்துவது, ஏற்றுமதி செய்வது. சங்கதியைத் தேர்வது செவியிடமே இருக்கட்டும்.

வாங்கப் போகுமுன் ஒரு வாரம் மேசையில் ஒரு தாளையும் பேனையையும் வையுங்கள். ஒரே கட்டளைக்காக ஒரே நாளில் பத்துத் தடவைக்கு மேல் சுட்டி போனால் அதைக் குறியுங்கள். வார முடிவில் அந்தத் தாளில் மேலே நிற்கும் பத்தும்தான் உங்கள் பலகை. அடுத்த கூடத்துக்காரரின் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். அவர் மிக்ஸ் செய்பவராக இருக்கலாம், நீங்கள் குரல் பதிபவராக இருக்கலாம். சில்லையும் கம்பியையும் பற்றவைக்கத் தெரியாவிட்டால், க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள், கூலியையும் கொடுங்கள். ஓர் ஓய்வுநாளில் முடிகிற வேலை.